ஹெபிள்வைட் வீட்டுப் புல்தரையின் மூச்சு

இங்கிலாந்தின் யார்க்ஷரில், ஸ்கெல்டன்ஷா மலைச்சரிவில், வில்பிரட் ஹெபிள்வைட் வீட்டுக் கொல்லைப் புல்தரை அக்டோபர் கடைசியில் மூச்சுவிடத் தொடங்கியது. மனைவி மேவிஸை அவர் அந்தக் கோடையில்தான் அடக்கம் செய்திருந்தார். மழைநீர் இறங்குவதற்காகத் தோட்ட முள்கரண்டியால் தரையைக் குத்தியபோது துளைகளிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. தரை மெல்ல எழும்பித் தணிந்தது. பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற அவர் எதற்கும் பதறாதவர். உதிர்ந்த இலைகளை நாள்தோறும் வாரினார்; அப்படியே கிடந்தால் தரை இருமியது. குளிருக்கு முன் கடைசி முறை புல் வெட்டும்போது இயந்திரத்தின் கத்தியை உயர்த்தி வைத்துக்கொண்டார். உறைபனி விழுந்ததும், மிதித்தால் புல் கருகிவிடும் என்று மதிலோரமாகவே நடந்தார். தபால்காரர் அந்த வீட்டில் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசினார். சாயங்காலம் தேநீரோடு ஜன்னலருகே உட்கார்ந்து, தன் மூச்சைத் தரையின் மூச்சோடு சேர்த்துக்கொள்வார். அவர் வீட்டில் வேறு மூச்சு கிடையாது.

டிசம்பரில் மகள் ஜேனட் ஹல் நகரத்திலிருந்து அவரை அழைத்துப்போக வந்தாள்.

"குளிர்காலம் போகட்டும்மா. இப்ப விட்டுட்டு வந்தா பாசி ஏறிடும்."

"பெத்த மகளவிட புல்லு பெருசாப் போச்சாப்பா?"

"அது தூங்குதும்மா. எந்திரிக்கிறப்ப பக்கத்துல யாராச்சும் இருக்க வேணாமா?"

அம்மா கண்விழிக்காமல் கிடந்த நாட்களில் வேலையைச் சொல்லி வராமல் இருந்தவள் அவள். அவர் அதை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவளுக்கு அப்படித்தான் கேட்டது. தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வெள்ளையாய் உறைந்திருந்த புல்லை மிதித்தபடி நேராகப் போய்க் கொல்லை மதில் கதவு வழியாக வெளியேறினாள். அவள் கால் பட்ட இடமெல்லாம் கறுத்தது. தரையின் மூச்சு நின்றது.

வில்பிரட் நீளமான பலகை ஒன்றைப் புல்லின் மேல் கிடத்தி, குப்புறப் படுத்து, துளை துளையாகத் தன் மூச்சை ஊதினார். மறுநாளும் ஊதினார். அதற்கடுத்த நாளும். சூப் டப்பாவைத் திறக்கவும் தெம்பில்லாமல் வெறும் ரொட்டியைத் தின்றார். தொலைபேசியில் அப்பாவின் குரல் கம்மியிருப்பதைக் கேட்ட ஜேனட், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மதியம் வந்து சேர்ந்தாள். மண்ணில் வாய் வைத்துக் கிடந்தவரைப் பார்த்தாள். பிறகு மதிலோரமாகச் சுற்றிவந்து, பலகையின் மறுமுனையில் படுத்தாள்.

"எதுலப்பா ஊதணும்?"

"எதுலயாச்சும் ஊது. மெதுவா."

பொழுது சாயும் முன் பலகை அவர்கள் இருவரையும் சுமந்துகொண்டு விரற்கடை உயரம் எழும்பி, இறங்கியது.

அவரைக் கூட்டிப்போகும் பேச்சை அவள் அதன்பிறகு எடுக்கவில்லை. பண்டிகை கழிந்ததும் ஹல்லுக்குத் திரும்பினாள். இப்போதெல்லாம் உறைபனி விழும் ஞாயிறுகளில் அவள் தொலைபேசியில் அழைத்தால் வில்பிரட் நலம் விசாரிப்பதில்லை. கம்பி எட்டும் வரை ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே, புல்தரையின் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். அந்தப் பக்கம் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.