எண்பத்தேழாம் கிணறு

எங்கள் துறைத் தலைவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மைக். எதிரே இரண்டு பேர் நின்றால் போதும், தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக் குரலுக்குப் போய்விடுவார். கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது என்று பிளம்பரிடம் சொல்வதற்கே அவருக்கு முன்னுரையும் முடிவுரையும் வேண்டும். பாவம் பிளம்பர், கையில் ஸ்பேனரோடு கடைசிவரை நின்று கேட்டுவிட்டு, "எந்தக் குழாய் சார்?" என்பார்.

விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணையும் நீரையும் சோதிக்கும் லேப் எங்களுடையது. நான் அங்கே பதினேழு வருஷமாக டெக்னீஷியன். மைக் டாக்டர் பட்டம் வாங்கியதே யூரியாவில்தான். ஏக்கருக்கு எத்தனை மூட்டை போடலாம் என்று அவர் எழுதிய ஆய்வேட்டை வைத்துத்தான் இந்த வட்டாரம் முழுக்க உரம் போடுகிறது. அவ்வளவு போட்டாலும் நிலத்தடி நீருக்கு ஒரு கேடும் வராது என்று கடைசி அத்தியாயத்தில் அடித்துச் சொல்லியிருந்தார். இருபது வருஷம் கழித்து, வயல்களைச் சுற்றியிருக்கும் குடிநீர்க் கிணறுகளைச் சோதிக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அந்த வேலையையும் அவரிடமே கொடுத்தார்கள். பரீட்சை எழுதிய ஆளிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுக்கும் புத்திசாலிகள் எங்கள் மேலிடத்தில் நிறைய உண்டு.

மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு கிணறுகள். அவற்றில் ஒன்றுகூட அவருடைய ஆய்வேட்டைப் படித்திருக்கவில்லை போலிருக்கிறது.

வயலில் போடும் யூரியா மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறி, மழையோடு கிணற்றில் இறங்கும். குடிக்கிற தண்ணீரில் அது லிட்டருக்கு ஐம்பது மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பெரியவர்களுக்கு உடனே எதுவும் தெரியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தால் ரத்தத்தால் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகும், குழந்தை நீலம் பாரித்துவிடும். எங்கள் லேப் சுவரில் இதைப் படம் போட்டே ஒட்டியிருக்கிறோம். படத்துக்கு நேர் கீழேதான் மைக்கின் நாற்காலி.

சோதனையில் நைட்ரேட் இருக்கும் நீர் மஞ்சளாகும். அதிகம் இருந்தால் அடர்ந்த மஞ்சள். வயல்பக்கத்துக் கிணறுகள் குழாய் குழாயாக ஆரஞ்சுச் சாறு மாதிரி நின்றன. அவ்வளவு அடர்த்தியை எங்கள் மெஷின் படிக்காது. அதற்கு ஒரு வழி உண்டு, எல்லா லேபிலும் செய்வதுதான். ஒரு பங்கு நீருக்கு ஒன்பது பங்கு வடிநீர், அதாவது உப்பெல்லாம் நீங்கக் காய்ச்சி வடித்த நீர், ஊற்றிப் பத்து மடங்கு நீர்க்கச் செய்வோம். மெஷின் காட்டும் எண்ணைப் பிறகு பத்தால் பெருக்கி எழுதுவோம். ரிஜிஸ்டரில் எத்தனை மடங்கு நீர்க்கச் செய்தோம் என்று எழுதுவதற்கே தனிக் கட்டம் இருக்கிறது.

"அந்தக் கட்டத்தை இப்போதைக்கு விட்டுடுங்க. மெஷின் காட்டறத மட்டும் எழுதுங்க. பெருக்கறதெல்லாம் ரிப்போர்ட் போடும்போது நான் பாத்துக்கறேன்" என்றார் மைக்.

பார்த்துக்கொண்டார். ரிப்போர்ட்டில் ஒரு கிணறுகூடப் பெருக்கப்படவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டும் பாதுகாப்பான கிணறுகள்! நான் போய்க் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மெஷின் காட்டினதத்தானே எழுதியிருக்கோம்? இதுல பொய் எங்க இருக்கு, சொல்லுங்க" என்றார். எனக்குச் சொல்லத் தெரியாமல் இல்லை. ஆனால் கிணற்றுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டிய சான்றிதழ்கள் என் மேஜைக்கு வந்தபோது, 'சோதித்தவர்' என்ற இடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்துப் போட்டேன். வருஷக்கணக்கில் தற்காலிகமாக இருந்து நிரந்தரமான வேலை. அப்படித்தான் அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிர்த்துக் கேட்பதற்குப் பதிலாக அவரைக் கேலி செய்தேன். கேன்டீனில் நான் மைக்கைப் போல் பேசிக் காட்டினால் கணக்குப் பிரிவிலிருந்துகூட வந்து நின்று கேட்பார்கள். வாரம் தவறாமல் லேபின் வடிநீர் கேன் ஒன்று அவர் காரில் ஏறும். கேட்டால் பேட்டரிக்கு என்பார். வாரத்துக்கு இருபது லிட்டர் குடிக்கிற பேட்டரியை உலகத்தில் வேறு எவனும் வைத்திருக்க மாட்டான் என்று நான் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்த ஆளைப் போல் நான் இல்லை என்பதில் எனக்கு அவ்வளவு கர்வம்.

போன மாதம் என் தம்பி வீடு மாறினான். புது வீட்டைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். பின்பக்கம் வயல், முன்பக்கம் கிணறு, நல்ல காற்று. தம்பி மனைவிக்குப் பால் போதவில்லை. இரண்டு மாதக் குழந்தைக்குப் பால் பவுடர்தான். சமையலறையில் அவள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"மூணு தடவை காய்ச்சறேன் அண்ணி. ஒரு கிருமி தப்பாது" என்றாள்.

அவள் தலைக்கு மேலே ஆணியில் ஒரு தாள் தொங்கியது. லேமினேட் செய்திருந்தார்கள். கிணறு எண் எண்பத்தேழு. நைட்ரேட் பதினான்கு. கீழே என் கையெழுத்து, நான் எப்போதும் போடும் அலட்டல் வளைவோடு.

தம்பி பின்னால் வந்து நின்றான். "வீட்டுக்காரர் இதக் காட்டினார் அக்கா. உன் கையெழுத்தப் பாத்ததும் வேற எதுவும் கேக்கல. அட்வான்ஸ் கொடுத்துட்டேன்."

வயல்பக்கத்துக் கிணறு, நீர்க்கச் செய்துதான் சோதித்திருந்தோம். பதினான்கு என்றால் நூற்று நாற்பது. காய்ச்சக் காய்ச்ச நீர்தான் ஆவியாகும், நைட்ரேட் அப்படியே தங்கிவிடும். மூன்று தடவை காய்ச்சுகிறாள், பாவி மகள், இன்னும் கெட்டியாக்கிக் கொடுக்கிறாள். இதைச் சொல்ல வேண்டும் என்றால் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தாளில் ஏன் இல்லை என்று கேட்பார்கள்.

"குழந்தைக்கு மட்டும் கொஞ்ச நாளைக்குக் கேன் தண்ணி வாங்குங்களேன்" என்றேன்.

"ஏன் அக்கா? தண்ணி சரியில்லயா?"

"அப்படி இல்லடா. புதுத் தண்ணி, ஒத்துக்கணுமே. ஒரு ஜாக்கிரதைக்குத்தான்."

"சரி, வாங்கிடறேன்" என்றான். குழந்தையை என் மடியில் போட்டார்கள். என் விரலைப் பிடித்துக்கொண்டது. நகங்களைப் பார்த்தேன், சிவப்பாகத்தான் இருந்தன. அதை வைத்து மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன்.

திங்கட்கிழமை ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். எண்பத்தேழுக்கு நேரே எத்தனை மடங்கு என்று எழுதும் கட்டம் காலி. அந்தப் பக்கம் முழுவதும் காலி. மைக்கின் அறைக்குப் போய்ச் சொன்னேன்: என் தம்பி குழந்தை அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறது, சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வேண்டும்.

அவர் தொண்டையைச் செருமினார். "அறிவியல்ங்கறது ஒரு நீண்ட பயணம்" என்று தொடங்கினார். அதில் தவறுகள் மைல்கற்களாம், அவசரம் எதிரியாம். எதிரே நான் ஒருத்திதான் நின்றேன், அவர் பார்வை எனக்குப் பின்னால் இருந்த காலி நாற்காலிகளிலும் படிந்து வந்தது. பயணம் முடிந்ததும் கேட்டார்:

"தம்பிகிட்ட கேன் தண்ணி வாங்கச் சொல்லிட்டீங்கல்ல?"

"சொல்லிட்டேன் சார்."

"அப்புறம் என்ன? பிரச்சினை முடிஞ்சுதே."

மனுஷனா இவர் என்று மனதுக்குள் காறித் துப்பிவிட்டு வெளியே வந்தேன். மத்தியானம் கேன்டீனில் 'நீண்ட பயணம்' உரையை அப்படியே நடித்துக் காட்டினேன். மைல்கல் வந்ததும் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் மனது லேசானது. என்னவோ செய்துவிட்ட மாதிரி இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, குழந்த ஒரு மாதிரி இருக்கான். உதடெல்லாம் நீலமா இருக்கு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம், உடனே வா."

குழந்தைகள் வார்டில் நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. பென்சில் சீவிய தூள் மாதிரி ஒரு சாம்பல் நிறத்தில் கிடந்தான். பெண் டாக்டர் ஒருவர், தூக்கம் கெட்ட கண்கள், ஆனால் நிதானமான கைகள், தம்பியிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"நுரையீரல் நல்லா இருக்கு. ஆக்ஸிஜன் வெச்சும் நிறம் மாறல. குழந்தைக்கு என்ன தண்ணி குடுக்கறீங்க?"

"கிணத்துத் தண்ணி டாக்டர். ரெண்டு நாள் கேன் வாங்கினோம், இன்னிக்கு கேன்காரன் வரல. நேத்து ராத்திரியே தீந்துபோச்சு. ஆனா தண்ணியில ஒண்ணும் இல்ல டாக்டர்." பையிலிருந்து லேமினேட் செய்த தாளை எடுத்தான். கிளம்பும்போது ஆணியிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருக்கிறான். "ஆராய்ச்சி நிலையத்துல சோதிச்சது. எங்க அக்காவே சோதிச்சது. இதோ, இவங்கதான்."

டாக்டர் தாளைப் படித்தார். என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். "பதினாலுதானே? அப்ப தண்ணி காரணம் இல்ல. நான் அதத்தான் சந்தேகப்பட்டேன். இதயத்துல ஏதாவது கோளாறு இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடறேன். மூணு மணி நேரம் ஆகும், ஆம்புலன்ஸ் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தார்.

மூன்று மணி நேரம். தம்பி மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நான் வந்துவிட்டேன் என்ற தைரியத்தில்.

"டாக்டர், அந்த எண்ணப் பத்தால பெருக்குங்க" என்றேன்.

"என்னது?"

"அது பதினாலு இல்ல. நூத்தி நாப்பது. பத்து மடங்கு நீர்க்க வெச்சுட்டு, பெருக்காம எழுதினது. மூணு தடவ காய்ச்சியிருக்காங்க, அதனால இன்னும் அதிகமா இருக்கும். நீங்க சந்தேகப்பட்டதுதான் சரி."

டாக்டர் போனை வைத்துவிட்டுக் குழந்தையின் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைத் தாளில் விட்டார். டீ டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது. காற்றுப்பட்டும் சிவக்கவில்லை. நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். எங்கள் லேபில் சாயமாக வைத்திருக்கும் அதே மெதிலீன் நீலம். ஊசியில் அது மெதுவாக இறங்கியது. அரை மணியில் உதடு வெளுத்தது. முக்கால் மணியில் சிவந்தது. பிறகு பசித்துக் கத்தினான், வார்டே திரும்பிப் பார்த்தது. தம்பி மனைவி சுவரில் சாய்ந்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என் கையை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

தம்பி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம. தாளப் பாத்தப்பவே."

"கேன் தண்ணி வாங்குன்னு சொன்னியே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"ஒத்துக்கணும்னு சொன்ன."

"எல்லாம் எங்க ஹெட் பண்ண வேலடா. அந்த ஆளு ஒரு..." என்று தொடங்கினேன். மைக்கைப் பற்றிப் பேச எனக்கு வார்த்தைக்குப் பஞ்சமே வந்ததில்லை. அன்றைக்கும் வந்திருக்காது. ஆனால் தம்பி என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மைக் மேடையேறும்போதெல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பார்க்கும் பார்வை அது. என் மேல் விழும் என்று நான் நினைத்ததே இல்லை.

தம்பி மனைவி கதவருகே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது, குரல் தெளிவாக இருந்தது.

"அண்ணி, பக்கத்து வீட்டுல ஒரு பிள்ள இருக்கு. பொறந்து அம்பது நாள்தான் ஆகுது. அவங்களும் பவுடர்தான். அவங்க வீட்டுலயும் இதே மாதிரித் தாள் மாட்டியிருக்காங்க. அந்தக் கெணறு எத்தனாவது நம்பர்?"

"எண்பத்தெட்டு" என்றேன்.

"அதுல எவ்வளவு?"

பதினேழு என்று போட்டிருந்தோம். போட்டிருந்தேன்.

"நூத்தி எழுபது" என்றேன். "வண்டிச் சாவியக் குடுடா. நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

தம்பி சாவியைக் கொடுக்கவில்லை. லேமினேட் செய்த தாளை என் கையில் திணித்துவிட்டு, படிக்கட்டைப் பார்த்து நடந்தான்.

"நானே போறேன்" என்றான். "நீ போய்ச் சொன்னா நம்ப மாட்டாங்க. தண்ணி நல்லதுன்னு உன் பேருதான் அங்க சுவத்துல தொங்குது."