அக்காவுக்கு ஆறு கட்டை போதாது

மூன்றாம் எண் அறையில் பதினாறு வருஷமாகக் கூரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அக்காவைக் கீழே இறக்க மூவாயிரத்து இருநூறு பாட்டு போட்டுப் பார்த்துவிட்டார்கள், ஒன்றும் ஒத்துவரவில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற கரோக்கி கூடம் அது. நாலு அறை, அறைக்கு ஒரு டி.வி., ஒரு சோபா, இரண்டு மைக், வாங்கும்போதே பழசாக இருந்த ஒரு மெஷின். அந்த மெஷினில் தொண்டைக்கு மீறின பாட்டைப் பாடுகிற பெண்கள் தரையை விட்டு எழும்பிவிடுவார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். சுருதி ஒரு கட்டை மீறினால் ஒரு சாண், இரண்டு கட்டை மீறினால் இரண்டு சாண். ஆண்கள் எழும்புவதில்லை, கத்திவிட்டுப் போய்விடுவார்கள். எழும்பினவள் தனக்குப் பொருந்துகிற பாட்டு ஒன்றை அதே மெஷினில் முதலிலிருந்து கடைசிவரை பாடினால் இறங்கிவிடலாம்; நடுவில் ஒரு இடம் மீறினாலும் பழைய உயரத்துக்கே போய்விடுவாள். மெஷின் இல்லாமல் சும்மா பாடினால் இம்மியும் அசையாது. இப்படி எழும்புவதால்தான் அங்கே மின்விசிறி கிடையாது, ஏ.சி. மட்டும்தான்.

கட்டைக்குரல் பெண்களுக்குத்தான் கஷ்டம். கூடத்துப் பாட்டுப் புத்தகத்தில் இருக்கிற பெண்கள் பாட்டெல்லாம் குயில் மாதிரி பாடுகிறவர்களுக்காக ஏற்பட்டது. அவர்களுக்குப் பாட்டு தேர்ந்தெடுத்துக் கொடுக்கத்தான் கவுன்டரில் அக்காவின் தங்கை இருந்தாள். பாட்டு நம்பர், எத்தனை கட்டை குறைக்கவேண்டும் என்பதை ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் எழுதிக் கொடுப்பாள். அதனால் சீட்டுக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. வருகிறவர்களை முதலில் சரணத்தை முனகச் சொல்வாள். "பல்லவி எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கும் மேடம், அது வாசல் மாதிரி. உள்ள போனாத்தான் படிக்கட்டு இருக்கா பள்ளம் இருக்கான்னு தெரியும். சரணத்த முனகுங்க." ஆண்கள் பாட்டாக எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்பாள். திடீரென்று தாவுகிற பாட்டைத் தொடவே விடமாட்டாள். பள்ளித் தலைமையாசிரியை, பஸ் ஓட்டுகிறவள், ஈரமில்லாத குரலென்று கல்யாண மேடையில் மைக்கைப் பிடுங்கி அனுப்பப்பட்ட ஒரு பல் டாக்டர், எல்லோரும் அவள் சீட்டோடு உள்ளே போய்த் தரையில் கால் பாவியபடி பாடிவிட்டு வந்தார்கள்.

அக்கா எரிவாயு அலுவலகத்தில் போனில் புகார் வாங்குகிற வேலையில் இருந்தாள். திட்டுவதற்கென்றே கூப்பிடுகிறவர்கள்கூட அவள் குரலைக் கேட்டதும் தணிந்துபோய், "சொல்லுங்க சார்" என்பார்கள். அக்கா திருத்துவதில்லை. சார் என்றால் காரியம் சீக்கிரம் முடிகிறது என்று வீட்டில் வந்து சிரிப்பாள். ஆனால் கூடத்துக்கு வந்தால் பாடமாட்டாள், தங்கை எழுதித் தருகிற சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கைதட்டுவாள். அத்தானின் பிறந்தநாளன்று குடும்பத்தோடு மூன்றாம் அறைக்கு வந்தார்கள். நாத்தனாருக்கு மெல்லிசான குரல். உச்சியில் நிற்கிற பாட்டொன்றைப் பாடிக் கைதட்டல் வாங்கிவிட்டு, "அண்ணிய மட்டும் கேக்காதீங்கப்பா, ஸ்பீக்கர் பயந்துடும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அத்தானும் கொஞ்சம் சிரித்தார். அக்கா மைக்கை வாங்கி, தங்கையைப் பார்த்து, "அதே பாட்டப் போடுடி" என்றாள்.

ஒன்பது கட்டை குறைக்கவேண்டிய பாட்டு. மெஷின் ஆறுக்குமேல் குறைக்காது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம், சரணத்தை முனகச் சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனை குறைத்தாலும் அந்த எண் டி.வி.யில் மூலையில் பெரிதாக விழும். நாத்தனார் அதை வாய்விட்டுப் படிப்பாள். ஆறு என்று விழுந்தால் அக்காவுக்கு அவமானமாயிருக்குமே என்று தங்கை இரண்டோடு நிறுத்தினாள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்த ஒரே தப்பு அதுதான். அக்கா விடாமல், கண்ணை மூடிக்கொண்டு, கடைசி வரிவரை பாடினாள். கண்ணைத் திறந்தபோது ஏழு சாண் மேலே, தலை கூரையில் முட்டிக்கொண்டிருந்தது. "நல்லாத்தான பாடினேன்?" என்று கேட்டாள். நாத்தனார்கூட நல்லாயிருந்தது அண்ணி என்றாள், அது உண்மையும்கூட.

அன்றைக்கே இருபது பாட்டு போட்டார்கள். அக்காவின் குரல் ஆழமானதே தவிர அகலமானதில்லை. பெண்கள் பாட்டை ஆறு கட்டை குறைத்தாலும் எட்டவில்லை. ஆண்கள் பாட்டு பல்லவியில் பொருந்தும், சரணத்தில் தாவிவிடும். பல்லவியில் முழங்கால் உயரம்வரை இறங்குவாள், சரணத்தில் மறுபடி கூரைக்குப் போய்விடுவாள். நாலு பேர் காலைப் பிடித்து இழுத்ததில் சுண்ணாம்பு உதிர்ந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் பெயின்டரான அத்தான் தன் ஏணியில் நின்று சுவரில் பலகை அடித்து ஒரு பரண் கட்டிக் கொடுத்தார். சாப்பாடு, குளியல் எல்லாவற்றுக்கும் ஒரு வழி பிறந்தது. அதைக் கேட்காமலிருப்பதுதான் மரியாதை. எரிவாயு அலுவலகத்திலிருந்து போன் இணைப்பைப் பரணுக்கே கொடுத்துவிட்டார்கள். புகார் சொல்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தான் ஏணியோடு வருவார், மேல்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போவார். முதல் வருஷம் வாரம் தவறாமல் வந்தார். நாலாம் வருஷம் மாதம் ஒருமுறை. பிறகு ஏணியை அங்கேயே விட்டுவிட்டார்.

தங்கை தினம் ஒரு சீட்டு எழுதினாள். காலையில் கூடம் திறக்குமுன் ஒரு பாட்டு, அக்கா பாடுவாள், இறங்குவாள், ஏறுவாள். ஒன்பதாம் வருஷம் தங்கை கெஞ்சிக் கூத்தாடி முதலாளியைப் புது மெஷின் வாங்க வைத்தாள். அது ஒன்பது கட்டை குறைக்கும். ஒன்பது குறைத்தால் வயலின்கள் மாடு கத்துவதுபோலக் கேட்கும், அதைப்பற்றி யாருக்கு என்ன. ஒரு தாலாட்டு மாதிரியான பாட்டு, அதிகம் ஏறாதது, இறங்காதது. அத்தானை வரச்சொல்லி, அக்காவின் செருப்பைத் துடைத்துக் கீழே ஜோடியாக வைத்தார்கள். முதல் சரணம் தாண்டியது. அக்காவின் கட்டைவிரல் செருப்பின் வாரைத் தொட்டது. இரண்டாம் சரணத்தில் ஒரே ஒரு இடம், ஒரே ஒரு கட்டை மேலே. வயது ஏற ஏறக் குரல் இறங்கும் என்பதைத் தங்கை கணக்கில் எடுக்கவில்லை. மெஷின் வருவதற்குள் அக்காவின் குரல் இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தது. ஒரு செருப்பு மட்டும் விரலில் மாட்டிக்கொண்டு அக்காவோடு மேலே போயிற்று. அத்தான் மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"விடுடி," என்றாள் அக்கா மேலிருந்து. "தினம் பாதி வழி வந்து திரும்பறது அலுப்பா இருக்கு."

"நான்தானக்கா ரெண்டோட நிறுத்தினேன்."

"தெரியும். நம்பர் டி.வி.ல விழுந்துதே, பாத்துட்டுத்தான் பாடினேன்."

அதற்குப்பிறகு தங்கை மதியம் ஒருமணிக்கு டிபன் பாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு மூன்றாம் அறைக்குப் போய், வேண்டுமென்றே தனக்கு மீறின பாட்டு ஒன்றைப் பாடுவாள். அவளுக்கும் கட்டைக்குரல்தான், அக்காவைவிட இரண்டு கட்டை மேலே. எழும்பிப் பரணில் உட்கார்ந்து இருவரும் சாப்பிடுவார்கள். அக்கா வாயில் சோற்றோடு யாரோ ஒருவரின் சிலிண்டரைப்பற்றி "நாளைக்கு வந்துடும்" என்று போனில் சொல்வாள். இரண்டு மணிக்குத் தங்கை தன் பர்ஸிலிருந்து சீட்டை எடுப்பாள். அவளுக்குப் பொருந்தும் பாட்டு புத்தகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, மூன்று கட்டை குறைத்து. அதைப் பாடி இறங்குவாள். அந்த நாலு நிமிஷமும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஏழு வருஷம் இப்படிப் போயிற்று. போன மாதம் ஒரு புதன்கிழமை, இரண்டு மணிக்குத் தங்கை மூன்று கட்டை குறைத்துப் பாடினாள். பல்லவியில் இறங்கினாள், சரணத்தில் ஏறினாள். நாலு குறைத்துப் பாடினாள், அடிவரிகள் வெறும் காற்றாக வந்தன. திரும்ப மூன்று. கீழே கவுன்டரில் யாரோ மணியை அடித்துக்கொண்டிருந்தார்கள். சீட்டைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

அக்கா டிபன் பாக்ஸை மடியில் எடுத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் தள்ளி உக்காரு," என்றாள், "அங்க டியூப்லைட் சுடும்."

முதலாளி பரணை இரண்டு பலகை அகலப்படுத்தினார். பென்சிலை நூலில் கட்டி மேலே அனுப்பினார்கள். இப்போது கட்டைக்குரல்காரிகள் கவுன்டருக்குப் போவதில்லை; மூன்றாம் அறை வாசலில் வரிசையாக நின்று, அண்ணாந்து, சரணத்தை மட்டும் முனகுகிறார்கள். சற்றுநேரத்தில் மேலிருந்து சீட்டு விழுகிறது.