ஐந்து இறகுகள்

பட்டனை அக்காதான் கண்டெடுத்தாள். எங்கள் தையல் கடையின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருந்த கூட்டிலிருந்து விழுந்து, ஷட்டர் ஓரமாக நடுங்கிக்கொண்டிருந்த புறாக்குஞ்சு. உடம்பெல்லாம் மஞ்சள் முடி, முகத்துக்குப் பொருந்தாத பெரிய மூக்கு. பட்டன்கள் வந்த அட்டைப்பெட்டியில் துணித் துண்டுகளைப் பரப்பிப் படுக்க வைத்ததால் அந்தப் பெயர்.

"ரொம்பக் கொஞ்சாதே," என்றாள் அக்கா. "மனுஷங்களைக் கண்டா அதுக்குப் பயம் இருக்கணும். இல்லேன்னா வெளியே போய்ப் பூனைகிட்டயும் சௌக்கியமான்னு கேட்கும்."

ஊறவைத்த பட்டாணியை ஒவ்வொன்றாக அலகைத் திறந்து ஊட்டியது நான். தொண்டைக்குக் கீழே இருக்கும் பை சின்ன மூட்டை போல நிறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். சில வாரங்களில் அது தானாகக் கொத்தத் தொடங்கியது. இஸ்திரி மேசைமேல் நின்று இறக்கையடித்துப் பழகும்போது, வெட்டி வைத்த துணியெல்லாம் பறக்கும். அக்காவின் கணவருக்கு அதுதான் புலம்பல்.

"கல்யாணப் பொண்ணோட கவுன்ல எச்சம். கேட்டா எம்ப்ராய்டரின்னு சொல்லட்டுமா?"

பிறகு கூண்டோடு மொட்டை மாடிக்கு மாற்றினோம். மற்றப் புறாக்களைப் பார்த்துப் பழகட்டும், ஞாயிற்றுக்கிழமை திறந்துவிடலாம் என்றாள் அக்கா. நான் கூண்டுக்குள் கைவிட்டால் பட்டன் ஓடி வந்து விரலிடுக்கில் அலகை நுழைக்கும். எப்போதும் இடது கையில்தான். நான் இடதுகைக்காரி. அவ்வளவு ஆசையோடு என்னை வேறு யாரும் தேடியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்ததும் மாடிக்குப் போனேன். அதன் வலது இறக்கையை விரித்து, நீளமான ஐந்து இறகுகளைப் பாதியில் வெட்டினேன். அது அசையாமல் நின்றது. என் கை என்பதால்.

கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. அடுத்தவர் கத்தரிக்கோலைத் தொடக்கூடாது. துணி வெட்டும் கத்தரியால் வேறு எதையும் வெட்டக்கூடாது. முதல் சட்டத்துக்குப் பயந்து என்னுடையதையே எடுத்துப் போயிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூண்டைத் திறந்தாள். பட்டன் கைப்பிடிச் சுவரில் ஏறியது, எம்பியது, ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர்த் தொட்டியில் மோதி விழுந்தது. ஓடிப்போய்த் தூக்கிய அக்கா இறக்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கிற? நான் என் நகத்தையே ஒழுங்கா வெட்ட மாட்டேன்."

"எச்சம் எச்சம்னு புலம்புனது நீங்கதானே?"

அத்தான் சிரிக்கப் பார்த்தார். அக்காவின் முகத்தைக் கண்டு விட்டுவிட்டார். நான் பட்டாணிக் கிண்ணத்தைக் கழுவப் போனேன்.

புது இறகு முளைக்க மாசக்கணக்கில் ஆகும் என்றார் பறவை டாக்டர். கடையில் அவர்கள் பேச்சு என் வழியாக நடந்தது.

"உங்க அத்தானைக் காஜா போடச் சொல்லு."

"போட்டாச்சுன்னு உங்க அக்காகிட்ட சொல்லு."

இருவருக்கும் நடுவில் நாலடி தூரம்கூட இல்லை. ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன், ஒன்றைத் தவிர.

புதன்கிழமை என் கத்தரி சாட்டின் துணியில் இழை இழுத்தது. எண்ணெய் விட்டுத் தருகிறேன் என்று அத்தான் வாங்கினார். திருகைக் கழற்றியவரின் கை நின்றது. திருகடியில் சாம்பல் நிற இறகு இழை ஒன்று ஒட்டியிருந்தது. கடையில் இடதுகைக் கத்தரி ஒன்றே ஒன்றுதான். அவர் அந்த இழையைக் கட்டைவிரலால் துடைத்து, சட்டையில் தேய்த்துக்கொண்டார்.

"சாணை பிடிக்கணும்மா," என்றார். "முனை மழுங்கிருச்சு." என்னைப் பார்க்கவில்லை. அக்காவிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அவர் கத்தியிருந்தால் நான் மறுத்திருப்பேன்.

"அக்கா, நான்தான் வெட்டினேன்."

கையிலிருந்த தையல் முடியும்வரை அவள் மெஷினை நிறுத்தவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அது போயிடும்னு நினைச்சு..."

"அதைக் கேட்கலை. மூணு நாளா இந்த மனுஷன் தலையைக் குனிஞ்சுகிட்டுச் சாப்பிட்டாரு. நீதானே பரிமாறினே?"

அதன்பின் பட்டனுக்கு நான் கையால் ஊட்டவில்லை. தானியத்தை வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கதவருகே நிற்பேன். முதலில் கம்பியோரம் வந்து தேடியது. பிறகு தேடுவதை விட்டது. வெட்டுப்பட்ட இறகுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, புதியவை முளைத்து நீண்டன. ஐந்தும் நிறைய ஏழு மாதம் ஆனது.

"நீயே திற," என்றாள் அக்கா.

"அத்தான், நீங்க திறங்க."

"நானா? பறக்கலேன்னா பழி மறுபடியும் என் தலையிலதான் விழும்."

அக்கா சிரித்தாள். அத்தானும் சிரித்தார். என் முகம் எரிந்தது.

அவர் திறந்தார். பட்டன் சுவரில் ஒரு நொடிகூட நிற்காமல் எழும்பி, எதிர்க் கட்டடத்தின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்களுக்கு நடுவே இறங்கியது. எல்லாம் சாம்பல் நிறம். எது பட்டன் என்று அக்கா கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. இடது கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது.