திட்டுகிற வேகம்

டாக்டர் சொன்னது ஒரே ஒரு விஷயம்தான். "ஓடுங்க. ஆனா மூச்சு முட்ட ஓடாதீங்க. ஓடும்போதே பேச முடியணும். பேச முடியலன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எடை மெஷினின் முள்ளைப் பார்த்தார். முள்ளுக்குத்தான் சொன்னாரோ என்னவோ.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றில் ஃபோனில் புகார் கேட்கிற வேலை. ஆபீஸில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது இந்தக் கதையில் வராது. வைத்தவன் வாயோடு அது கிடந்து நாறட்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை முகம் தெரியாத ஆட்கள் அவள் காதுக்குள் கத்துவார்கள். மெஷின் தண்ணீர் எடுக்கவில்லை என்று கத்துவார்கள், எடுத்த தண்ணீரை விடவில்லை என்று கத்துவார்கள், தாங்களே சட்டைப்பையில் மறந்துவிட்ட பேனாவுக்கும் அவளிடமே கத்துவார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." அதைச் சொல்லும்போது குரலில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பது சூப்பர்வைசரின் உத்தரவு. ஃபோனில் ஒரு வசதி, உடம்பு தெரியாது. அவளை முட்டாள் என்றிருக்கிறார்கள், திருடி என்றிருக்கிறார்கள், குண்டு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு வீட்டிலும் வெளியிலும் வேறு ஆட்கள் இருந்தார்கள்.

முதல் நாள் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பியபோது புருஷன் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். "பாத்து ஓடு. இப்பத்தான் புது ரோடு போட்டிருக்காங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வீட்டில் இன்னொரு ஆள்தான் உண்டு, மகள். அவள் அறைக் கதவு மூடியிருந்தது.

ரயில் பாதையை ஒட்டிப் போகிற சாலைக்குப் போனாள். அங்கே கடைகள் கிடையாது, பால்கனிகள் கிடையாது, வேடிக்கை பார்க்க ஆள் குறைவு. ஓட ஆரம்பித்தாள். அதை ஓட்டம் என்று ஒப்புக்கொள்ள ஒரு தாராள மனசு வேண்டும். டாக்டர் பேசச் சொன்னாரே, யாரோடு பேசுவது? வாயைத் திறந்தாள். பழக்கதோஷம், தானாக வந்தது: "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்."

வந்ததே ஆத்திரம் அவளுக்கு.

"வருந்தலடா!" என்று கத்தினாள். "ஒரு மண்ணும் வருந்தல! பேனாவை நீ பாக்கெட்ல விட்டுட்டு என்னைப் பாத்து ஏன்டா கத்துறே? நீயெல்லாம் உருப்படுவியா?"

கால் தானாகப் போனது. பேனாக்காரன் முடிந்ததும் ஆபீஸ் மேனேஜர் வந்தான். கை வைத்த நாற்காலி தொடையில் கடிக்கிறது, கை இல்லாததாக ஒன்று வேண்டும் என்று அவள் கேட்டதற்கு, "உங்களுக்கு சோபாதான் வாங்கணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இத்தனை வருஷமாக வயிறு எரிவது அவன் சொன்னதற்காக அல்ல, தானும் சேர்ந்து சிரித்ததற்காக. அவனை ரயில்வே கேட் வரைக்கும் திட்டினாள். பிறகு துணிக்கடைப் பெண். இவள் கடைக்குள் கால் வைத்ததுமே, "உங்க சைஸ் எங்ககிட்ட வராதுக்கா" என்றவள். இவள் வாங்கப் போனது குளித்துவிட்டுத் துடைக்கிற துண்டு. துண்டுக்கு என்னடி சைஸ்? பிறகு நாத்தனார். வீடு கட்டி முடித்த அன்று நிலைக்கதவைத் தடவிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அகலமா வெச்சிருக்கலாம்ல?" என்ற மகராசி. நாத்தனாருக்குச் சேமித்து வைத்திருந்ததெல்லாம் கொட்டி முடிவதற்குள் சாலையே முடிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது உடம்பெல்லாம் வலித்தது, ஆனால் நெஞ்சில் ஏதோ இறங்கியிருந்தது. மறுநாள் யாரும் எழுப்பாமலே எழுந்தாள். திட்ட வேண்டியவர்கள் இன்னும் நிறைய பேர் பாக்கி இருந்தார்கள்.

சில வாரங்களில் அந்தச் சாலையில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. பைத்தியம் என்றார்கள் சிலர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அதே சாலையில் நடக்க வருகிற பஸ் டிரைவர் ஒருவர், ஸ்டியரிங்குக்கும் தனக்கும் நடுவில் தொந்தியை எப்படியோ சமாளித்து வண்டி ஓட்டுகிறவர், ஒரு நாள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. எனக்கும் ஒருத்தனைத் திட்டணும். கூட ஓடி வரலாமா?"

"யாரை?"

"மச்சினனை."

"ஓடுங்க, ஓடிக்கிட்டே திட்டுங்க. நின்னா வாயை மூடிக்கணும்."

அவருக்குப் பிறகு ஒரு பள்ளிக்கூட டீச்சர் வந்தாள். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் பிள்ளைகள் யானை மாதிரிக் கத்துகிறார்கள் என்று அழுதுகொண்டே ஓடியவள். அவளுக்குப் பிறகு இன்னும் ஏழெட்டுப் பேர். கோபம் இல்லாத குண்டு ஆளை யாராவது பார்த்திருக்கிறீர்களா? குண்டாக இருப்பவர்கள் எல்லாம் ரொம்ப ஜாலி என்று சொல்கிறார்களே, அந்த ஜாலி எங்கிருந்து வருகிறது என்று அந்தச் சாலைக்கு வந்து கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் டிரைவர் தன் அப்பாவைத் திட்டினார். சின்ன வயதில் சட்டையைக் கழற்றச் சொல்லி விருந்தாளிகள் முன்னால் நிறுத்தியதைச் சொல்லித் திட்டினார். டீச்சர் இரக்கப்பட்டு, "உங்க நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு, விடுங்க அண்ணே" என்றாள். அதைக் கேட்டு இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது.

"நல்லதுக்குன்னு யாரும் இங்க பேசக் கூடாது. சொல்லிட்டேன். உலகத்துல நம்மளைக் குத்தினவன் எல்லாம் நல்லதுக்குத்தான் குத்தினான். இங்க ஒருத்தர் திட்டினா மத்தவங்க காதைக் கொடுங்க. சமாதானம் சொல்லாதீங்க, குறுக்கே பேசாதீங்க. பிடிக்கலன்னா வீட்டுக்குப் போங்க."

யாரும் போகவில்லை. அன்றிலிருந்து அது சட்டமாகிவிட்டது.

இதற்குள் புருஷன் அவள் ஓடுவதைப் படம் பிடித்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸப்பில் போட்டுவிட்டார். புது ரோடு ஜோக் அடித்த அதே மனுஷன். நாத்தனாரே ஃபோன் பண்ணி, "உன்னைப் பாத்து நானும் நடக்க ஆரம்பிச்சிருக்கேன், நீ எங்களுக்கெல்லாம் ஒரு முன்னுதாரணம்" என்றாள். இந்த வாயைத்தான் தினமும் ரயில்வே கேட்டிலிருந்து பாலம் வரை திட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

யார் யாரோ அவளைப் பார்த்து ஓடினார்கள். ஓட வேண்டியவள் ஓடவில்லை.

மகளுக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் உடம்பு, அம்மாவின் மூக்கு, அம்மாவின் கோபம். கல்லூரியில் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்றவளைப் பின்னாலிருந்து வீடியோ எடுத்து, லாரி ஹார்ன் சத்தத்தைச் சேர்த்து யாரோ சுற்றுக்கு விட்டார்கள். அதோடு கல்லூரிக்குப் போவது நின்றது. பிறகு கடைக்குப் போவது நின்றது. பிறகு ஹாலுக்கு வருவதும் குறைந்து, தட்டை அறைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ராத்திரி கதவுக்கு அடியில் தெரிகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருப்பாள். பெண் அந்த அறைக்குள்ளேயே கரைந்துபோய்விடுவாளோ என்ற பயம் அவளைத் தின்றது. மகளை எப்படியாவது வெளியே கொண்டுவர வேண்டும். வேறு எந்த ஆசையும் அவளுக்கு அப்போது இல்லை.

மகளுக்கும் ஒரு ஜோடி ஷூ வாங்கி வாசலில் வைத்தாள். அது வைத்த இடத்திலேயே தூசி படிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்க் கதவைத் தட்டினாள்.

"என்னைப் பாருடி. இந்த வயசுல நான் ஓடலையா? ஊரே என்னைப் பாத்து ஓடுது. உனக்கு என்ன கேடு?"

கதவு திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது. "ஊரை ஓட வை. என்னை விட்டுடு."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்!"

அவள் வாசலுக்குப் போய் ஷூவை எடுத்துத் தூசி தட்டி மறுபடி வைத்தாள்.

மறுநாள் அவள் திட்டிய திட்டில் ரயில் சத்தமே கம்மியாகத்தான் கேட்டது. வீடியோ எடுத்தவனை, அதைப் பார்த்துச் சிரித்தவர்களை, பிரின்சிபாலை, ஹார்ன் சத்தம் சேர்த்த கட்டையில் போகிறவனை, ஒருவர் விடாமல் திட்டினாள். "என் பொண்ணை இப்படி மூலையில உக்கார வெச்சிட்டீங்களேடா, விளங்குவீங்களா நீங்க?" என்று கத்தும்போது குரல் உடைந்தது. சட்டப்படி யாரும் சமாதானம் சொல்லவில்லை. டிரைவர் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஒரு நாள், கிளம்புகிற நேரத்தில் அறைக் கதவு திறந்தது. அப்பாவின் பழைய டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மகள் நின்றாள். "அங்க ஒரு டிரைவர் தன் அப்பாவையே திட்டினாராமே. யாரும் குறுக்கே பேச மாட்டீங்களாமே. அப்பா சொன்னாரு. நிஜமா?"

"நிஜம்தான். யாரை வேணும்னாலும் திட்டலாம்."

மகள் உட்கார்ந்து ஷூவின் கயிற்றைக் கட்டினாள். எங்கே ஒரு வார்த்தை சொன்னால் திரும்பி உள்ளே போய்விடுவாளோ என்று அம்மா மூச்சைக்கூட மெதுவாக விட்டாள்.

சாலையில் எல்லோரும் தலையாட்டி வரவேற்றார்கள், யாரும் எதுவும் கேட்கவில்லை. மெதுவாக ஓட ஆரம்பித்தார்கள். கொஞ்ச தூரம் மகளின் மூச்சு மட்டும் கேட்டது. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் ஓடினாள். அந்த வீடியோக்காரன் பெயரைச் சொல்லட்டும், இன்றைக்குப் பத்துப் பேர் வாயில் அவன் விழட்டும் என்று காத்திருந்தாள்.

"எங்கம்மா" என்றாள் மகள்.

டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முன்னால் பார்த்துக்கொண்டாள்.

"எங்கம்மா எனக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு சைஸ் சின்னதா டிரஸ் வாங்குவா. இளைச்சப்புறம் போட்டுக்கலாம்னு. பீரோ முழுக்க இளைச்சப்புறம் போட்டுக்கிற டிரஸ். இப்ப இருக்கேனே ஒருத்தி, நான் எதைப் போட்டுக்கிறது?"

மூச்சு வாங்கினாள். ஓட்டத்தை விடவில்லை.

"வீட்டுக்கு யாராச்சும் வந்தா, பலகாரத் தட்டுக்கு ரெண்டாவது தடவை நான் கையை நீட்டினதும் கண்ணாலயே போதும்னு சொல்லுவா. ஏழு வயசுலேருந்து. ஃபோட்டோ எடுத்தா என்னைப் பின்னாடி நிறுத்துவா. யாராச்சும் என் முகம் அழகா இருக்குன்னா, அவளே முந்திக்கிட்டு, கொஞ்சம் இளைச்சா போதும்னு சொல்லுவா. அவங்ககூட சொல்லலை. அவ சொன்னா!"

அம்மா வாயைத் திறந்தாள். உன் நல்லதுக்குத்தானே என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. டிரைவர் கையை உயர்த்தினார். பஸ்ஸை மறித்து நிற்கிறவனை விலகச் சொல்கிற மாதிரி, ஒரு கை. அவள் வாயை மூடிக்கொண்டாள். முதலில் வந்தது கோபம்தான். பெற்று வளர்த்தவளை நாலு பேர் முன்னால் நிறுத்தி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்கிறாளே என்று பொங்கியது. இவளுக்காகத்தானே நேற்று வரை ஊரையெல்லாம் திட்டினேன் என்று பொங்கியது. அடுத்தவர் முதுகையெல்லாம் உரித்தவளுக்குத் தன் முதுகு தெரியாமல் போனது என்பது அதற்கு அப்புறம்தான் உறைத்தது.

"அந்த வீடியோ வந்த அன்னிக்கு அழுதுகிட்டே வீட்டுக்குப் போனேன்." மகளின் குரல் இப்போது கத்தவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "அம்மா மடியில படுத்து அழணும்னு போனேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'அப்பவே தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?' அப்படின்னா. வீடியோ எடுத்தவன்கூட என்னை அவ்வளவு கேவலமா நினைக்க வைக்கலை. நான் மூலையில உக்கார்ந்தது அவனால இல்ல."

பத்துப் பன்னிரண்டு ஜோடி ஷூக்களின் சத்தம் மட்டும் கேட்டது. அம்மாவின் முகம் முழுக்க நனைந்திருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. நின்றுவிடலாம் என்று கால் கெஞ்சியது. அவள் நின்றால் மகளும் நின்றுவிடுவாள், நின்றால் வாயை மூட வேண்டும். பத்தொன்பது வருஷமாக மூடியிருந்த வாய் அது. அவள் ஓடினாள்.

பாலத்துக்குக் கீழே எல்லோரும் நின்றார்கள். மற்றவர்கள் நைஸாகக் கொஞ்சம் தள்ளிப் போய்த் தண்ணீர் குடித்தார்கள். மகள் குனிந்து முட்டியில் கை வைத்து மூச்சு வாங்கினாள், முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. அம்மா பாட்டிலை நீட்டினாள். மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் தொழிலில் வருத்தம் தெரிவித்துத் தெரிவித்து அந்த வார்த்தை செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது, அதைக் கொண்டுபோய் இவளிடம் எப்படிக் கொடுப்பது?

மகள் பாட்டிலை வாங்கிப் பாதியைக் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"இன்னும் முடியலை" என்றாள். "நிறைய இருக்கு. நாளைக்கும் வருவேன்."

"வா" என்றாள் அம்மா.