சுரேந்தர் சாரின் பாசி ஒழிப்பு

1

ஓசூரில் நான் பர்ச்சேஸ் பார்க்கும் கம்பெனியின் புல்தரையில்தான் இந்தக் கதை கிடைத்தது. புல்தரை என்பது போர்டில் எழுதியிருக்கும் பெயர். தரையில் இருந்தது பாசி.

ஓசூரின் இளம்பனியில், பச்சைக் கம்பளம் விரித்ததுபோல்

(வேண்டாம். கம்பளம் என்று எழுதியதுமே கை கூசுகிறது.)

நேராகவே சொல்கிறேன். முதலாளி நட்ட தூங்குமூஞ்சி மரம் பெரிதாகி வெயிலை மறைத்தது. நிழலில் புல் செத்துப் பாசி படர்ந்தது. கிளையைக் கழித்தால் போதும் என்று வாட்ச்மேன் முதல் ஜி.எம். வரை எல்லோருக்கும் தெரியும். முதலாளியின் பெயர்ப்பலகை தொங்கும் மரத்தில் யார் அரிவாள் வைப்பது?

2

ஜப்பானிலிருந்து வந்த கஸ்டமர் ஒருவர் குனிந்து அந்தப் பாசியைப் போட்டோ எடுத்தார். அட்மின் மேனேஜர் சுரேந்தருக்கு முகம் வெளுத்துவிட்டது. கஸ்டமர் கிளம்பியதும் தோட்ட வேலை பார்க்கும் பவளத்தைக் கூப்பிட்டார். பவளம் சாத்தூர்க்காரி, மத்திகிரியில் வாடகைக்கு இருக்கிறாள், கான்ட்ராக்ட் ஆள்.

"என்னம்மா இது? போட்டோ புடிச்சிட்டுப் போறாரு. ஆர்டரே போயிரும். ஒரு பொட்டு பச்சை இருக்கக்கூடாது."

"புல்லும் பச்சதான சார்?"

"எதுத்துப் பேசாத."

(இந்த இடத்தில் அவளை அழவைக்கப் பார்த்தேன். அவள் ஒப்பவில்லை. கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.)

மண்டியிட்டுச் சுரண்டினாள். பிளீச்சிங் பவுடரில் விரல்கள் வெந்தன. பாசி போனது, மிச்சமிருந்த புல்லும் போனது. மழை வந்ததும் ரிசப்ஷன் வரை செம்மண் கால்தடம்.

"லானையே நாசம் பண்ணிட்ட" என்றார் சுரேந்தர். மறுநாளிலிருந்து அவளை அனுப்ப வேண்டாமென்று கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டார்.

3

ஜப்பான்காரர் மறுபடியும் வந்தார். மொட்டைத் தரையைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"அந்த அழகான பாசி எங்கேன்னு கேக்கறாரு" என்றாள் மொழிபெயர்க்க வந்த காவியா. "அவங்க ஊர்ல அதை வளர்க்கப் படாத பாடு படுவாங்களாம்."

சுரேந்தர் அசரவில்லை. "மெயின்டெனன்ஸுக்கு எடுத்திருக்கோம்."

(இந்த வரி என் கற்பனை இல்லை. எனக்கு அவ்வளவு திறமை கிடையாது.)

அன்று மதியம் என் மேஜைக்கு எதிரிலேயே நின்று பவளத்துக்குப் போன் போட்டார், ஸ்பீக்கரில். அவள் ஓசூரை அடுத்த பேரிகைப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் சேர்ந்திருந்தாள்.

"பவளம், நாளைக்கே வந்துரும்மா. பாசி வளக்கணும்."

"வளக்கணுமா?"

"ஆமாம்மா. உன்னாட்டம் கைராசி யாருக்கும் இல்ல."

மறுமுனையில் ஒரு கூட்டமே சிரித்தது. அவளும் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க சார். இங்க இருக்கவளுக சரியாக் கேக்கலங்காளுக."

4

முடிவு ஒன்று: நிரந்தர வேலை தந்தால் வருகிறேன் என்கிறாள், தருகிறார்கள். (எந்த ஊரில்?)

முடிவு இரண்டு: போனை வைத்துவிடுகிறாள். சுரேந்தர் மனம் திருந்தி

(சிரிக்காதீர்கள். அடித்துவிட்டேன்.)

சுரேந்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு, குரலைக் கொஞ்சம் உயர்த்தி, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொன்னார். கைராசி உட்பட. பவளம் என்ன பதில் சொல்ல வேண்டும்? நான் எழுதினால் இதே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவன் எழுதியதாகிவிடும். நீங்களே சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், பூ வெட்டுவதை நிறுத்திவிட்டு அத்தனை பெண்களும் காத்திருக்கிறார்கள்.