அறுபது நாள் மனு

நான்கு வருஷமாகத் தலைகாட்டாத ஒரு தலைவரை வருஷம் தவறாமல் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்க நம்மவர்களால்தான் முடியும். கல்கத்தா தமிழ்க் கணினிக் குழு அதைத்தான் செய்துகொண்டிருந்தது. சித்திரை ஒன்றாம் தேதி இணையத்தில் கூடுவார்கள். தலைவர் வரமாட்டார். அவரையே மறுபடி தேர்ந்தெடுத்து, வாழ்த்துச் செய்தி அனுப்பிவிட்டுக் கலைவார்கள்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் பதினான்கு பேர், பதினான்கு கணினிகள். நாம் குளிக்கப் போகும்போதும் சமைக்கப் போகும்போதும் வீட்டுக் கணினி சும்மாதானே கிடக்கிறது? அந்த நேரத்தில் அது எங்கோ இருக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு மருந்து சம்பந்தமான கணக்குகளைப் போட்டு அனுப்பும். ஒரே கணினி செய்தால் நூறு வருஷம் பிடிக்கும் வேலையை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கூலி கிடையாது, புள்ளிகள் உண்டு. புள்ளி ஏற ஏறப் பட்டியலில் குழுவின் இடமும் ஏறும். வீட்டில் மிக்ஸி ரிப்பேர் ஆனால் ஒரு மாதம் கண்டுகொள்ளாதவர்கள்கூடப் பட்டியலில் ஓர் இடம் இறங்கினால் சோறு இறங்காமல் தவிப்பார்கள்.

இந்தக் குழுவை ஆரம்பித்தவர் பாலிகஞ்ச் லக்ஷ்மிநாராயணன். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷம் ஓடி ஓடி உழைத்தார். பிறகு அவருக்கு மொட்டை மாடித் தோட்டத்தில் மோகம் வந்துவிட்டது. கத்தரிக்காய் காய்த்த அன்றோடு குழுவை மறந்தார்.

அதன் பிறகு எல்லா வேலையும் பத்மஜாவின் தலையில் விழுந்தது. அலிப்பூரில் அரசாங்க அலுவலகம், காளிகாட்டில் வீடு, இரண்டுக்கும் நடுவே குழு. புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, நின்றுபோன கணினிகளைத் தட்டி எழுப்புவது, வாராவாரம் புள்ளி நிலவரம் எழுதுவது என்று அத்தனையும் செய்தாள். கீழே மட்டும் 'தலைவர் சார்பில்' என்று போட்டாள். அப்படிப் போடும் ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்றது. அந்த நாற்காலி தனக்கு வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஆசைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

போன வருஷம் துர்கா பூஜை சமயத்தில் நடந்த புள்ளிப் பந்தயத்தில் குழுவால் சேர முடியவில்லை. தலைவர்தான் பெயர் கொடுக்க வேண்டும் என்பது கணக்குகளை அனுப்பும் இணையத் தளத்தின் விதி. கடுப்பில் மூன்று பேர் ஒரு வங்காளிக் குழுவுக்குத் தாவிவிட்டார்கள். இந்த வருஷமும் விட்டால் மிச்சம் பேரும் நடையைக் கட்டுவார்கள்.

அதற்கும் தளத்தில் ஒரு வழி இருந்தது. உறுப்பினர் யாராவது தலைமை கேட்டு மனுப் போடலாம். தலைவருக்கு மெயில் போகும். அறுபது நாளில் அவர் மறுக்கவில்லை என்றால் தலைமை மனுப் போட்டவருக்கு.

"போட்டுடும்மா, எதே பொயேர் கீ ஆச்சே?" என்றாள் மகள் ஸ்னேகா. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று வங்காளியில் கேட்பது அவளுக்குச் சுலபம். பத்மஜாவுக்கு அப்படி இல்லை. ஆனாலும் போட்டுவிட்டாள். தளத்தில் அவள் பெயர் 'காளிகாட்-12'. அது யார் என்று குழுவில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஐம்பத்தேழாம் நாள், சனிக்கிழமை காலை. கையில் சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு லக்ஷ்மிநாராயணன் வாசலில் நின்றார்.

"கேஸ் பில்லைத் தேடறச்சே இந்த மெயில் கண்ல பட்டுது, பத்மஜா. யாரோ காளிகாட்-12ஆம். என்னைத் தூக்கப் பாக்கறான்! எல்லாம் நீதானே பாத்துக்கறே, யாரு அவன்?"

"உள்ள வாங்கோ மாமா."

"மறுக்கலாம்னு போட்டிருக்கு. அமுக்கினா பாஸ்வேர்ட் கேக்கறது. எனக்கெங்கே ஞாபகம்? அதை மட்டும் சரி பண்ணிக் குடு, அவனை ஒரு கை பாத்துடறேன்."

போனை அவள் கையில் கொடுத்துவிட்டுச் சோபாவில் சாய்ந்தார்.

சர்வர் வேலை செய்யவில்லை, புதன்கிழமை பார்க்கலாம் என்று சொன்னால் போதும். செவ்வாயோடு அறுபது நாள் முடிகிறது. இருபத்திரண்டு வருஷ அலுவலக அனுபவத்தில் இந்தப் பொய் அவளுக்கு நாக்கு நுனியில் இருந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டாள். அப்படி வாங்கிய நாற்காலியில் இன்னும் எத்தனை வருஷம் ஒளிந்து உட்காருவது என்று நினைத்ததும் அவளுக்கே அலுத்துப் போயிற்று.

"மாமா, அவன் இல்லை. நான்தான்."

லக்ஷ்மிநாராயணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"பதினோரு மெயில் போட்டேன். நேர்ல வந்து, பதவியை விட்டுடுங்கோன்னு சொல்லத்தான் தைரியம் வரலை."

"வருஷா வருஷம் வாழ்த்துன்னா வரது வாட்ஸப்ல! எல்லாம் நன்னா நடக்கறதுன்னு நெனச்சுண்டிருக்கேன்."

பந்தயத்தில் சேர முடியாததையும் மூன்று பேர் போனதையும் அவள் சொன்னாள். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். கோபம் மெல்ல இறங்கியது.

"சரி போ. குழு நன்னா இருக்கணும்னுதானே பண்ணினே. உனக்காகவா கேட்டே?"

பெருந்தன்மையாக ஒரு கதவைத் திறந்துவிட்டார். தலையை ஆட்டினால் போதும், எல்லாரும் நல்லவர்கள் ஆகிவிடலாம்.

"எனக்காகவும்தான் மாமா. தலைவர்னு எம்பேரு இருக்கணும்னு ஆசை. நாலு வருஷமா ஆசை."

சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது, சிரிப்புக்கூட வந்தது.

அவர் சந்தேஷ் பெட்டியைப் பிரித்து அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துக்கோ. சம்மதம்னு ஒரு பட்டனும் இருந்ததே? பாஸ்வேர்டைச் சரி பண்ணு, அமுக்கறேன்."

ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நான் யாரு?"

"உறுப்பினர், மாமா."

"உறுப்பினருக்கு என்ன வேலை?"

"உங்க கம்ப்யூட்டர் நாலு வருஷமா ஒரு புள்ளிகூட எடுக்கலை. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்குள்ள அது ஓடணும்."

'முடிஞ்சா', 'தப்பா நெனச்சுக்காதீங்கோ' எதுவும் முன்னாலும் பின்னாலும் வரவில்லை. அதைக் கவனித்து அவளே திகைத்தாள்.

"ஆறு என்ன, அஞ்சரைக்கே ஓடும்!" என்று எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

மத்தியானம் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தாள். ஐந்து முப்பத்தைந்துக்குப் பட்டியலைத் திறந்தாள். அவர் கணினியைக் காணோம். தோட்டத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார் என்று தெரியும். பத்மஜா யோசிக்கவே இல்லை. போனை எடுத்தாள்.

"மாமா, அஞ்சரை ஆயிடுத்து."