காகிதத்தில் வெட்டிய கிளட்ச்

கடைக்காரர் கிளட்ச் தட்டை மேசைமேல் வைத்தார். தையற்காரர் பையிலிருந்து ஒரு பழுப்புக் காகிதத்தை எடுத்து, மடிப்பு நீவி, அதன்மேல் விரித்தார். வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டையும் போட்ட காகிதம். தட்டைச் சுற்றிலும் அது துருத்திக்கொண்டு நின்றது.

"சின்னதா இருக்குங்க," என்றார் தையற்காரர்.

"இந்த வண்டிக்கு இதாங்க சைஸு. நீங்க கேட்ட கிளட்ச் மூடியும் இதோட சேர்ந்தே இருக்கு. செட்டா இனிமே எங்க போய்த் தேடினாலும் கிடைக்காது."

"என் அளவு தப்பாதுங்க."

"பேப்பர்ல கிளட்ச் வெட்டிட்டு வந்த மொத ஆளு நீங்கதான்," என்று சிரித்துவிட்டு, கடைக்காரர் தட்டைப் பழையபடி எண்ணெய்த்தாளில் சுற்றி உள்ளே வைத்தார்.

ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் இதே கதைதான்: தட்டு காகிதத்தைவிடச் சின்னது. தையற்காரருக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம்: ஏறி உட்காருவது, ஓட்டுகிறவர் கோபமாக இருந்தால் வாயை மூடிக்கொள்வது. ஓட்டுகிறவர் அவருடைய மனைவி. மேட்டின் உச்சியில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார்களையும் பிள்ளைகளையும் அந்தப் பழைய ஜீப்பில்தான் கொண்டுபோய் விடுவார். வேறு வண்டி எதுவும் அந்தக் கற்பாதையில் ஏறாது. கடைசித் திருப்பத்தில் அவர் விசில் அடிக்க ஆரம்பித்தால் பிள்ளைகளும் சேர்ந்துகொள்வார்கள். ஊருக்கே அவர் டிரைவரம்மா. வீட்டில் தையற்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

கிளட்ச் தேய்ந்து வண்டி மேட்டில் பின்வாங்கிய அன்று, "போதும், வித்துடலாம்" என்று டிரைவரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை என்று தையற்காரருக்குத் தெரியும். மனைவியின் கால்சட்டைகளைத் தைப்பதும் ஒட்டுப் போடுவதும் அவர்தானே. இடது முழங்காலில் மட்டும் துணி பளபளவென்று தேய்ந்திருந்தது. கிளட்சை மிதிக்கிறபோதெல்லாம் கையாலும் முழங்காலை அழுத்திக் கொடுத்தால்தான் துணி அப்படித் தேயும். கேட்டிருக்கலாம். கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்ற பதில்தான் வரும்.

அதனால் மெக்கானிக்கைத் தனியாக ஓரங்கட்டி, "என் தையல் மிஷின் மிதி மாதிரி லேசா அமுங்குற கிளட்ச் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை. இந்த ஜீப்புக்கே கொஞ்ச காலம், தட்டை அழுத்திப் பிடிக்கும் மூடி வேறு மாதிரி வந்தது, சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாகத் தட்டு ஸ்பிரிங் வைத்தது, பாதிப் பலத்தில் அமுங்கும் என்றார். தட்டின் அளவு அதேதான், ஆனால் செட்டாக வாங்க வேண்டும். இப்போது அது குதிரைக்கொம்பு. தையற்காரர் அப்போதே பழைய தட்டை வீட்டுக்குத் தூக்கிவந்து, காகிதத்தில் வைத்து வரைந்து, வெட்டிக்கொண்டார்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, டிரைவரம்மா இடது காலை முக்காலிமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் காலைச் சட்டென்று கீழே இறக்கினார்.

"கிடைச்சுதா?"

"எல்லாம் சின்னதாவே இருக்கு."

"விடுங்கன்னா கேக்க மாட்டீங்களா? எதுக்கு இப்படி நாயா அலையறீங்க?" டிரைவரம்மாவின் குரல் உடைந்தது. "என்னால முடியலைங்க. மேட்டுல கிளட்ச மிதிச்சா உயிர் போகுது. வண்டி நின்னப்ப நிம்மதியாத்தான் இருந்துச்சு. கால் வலிக்குதுன்னு அந்தப் புள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

"தெரியும்," என்றார் தையற்காரர்.

"என்ன தெரியும்?"

"கால்சட்டை சொல்லுச்சு." அவர் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை மடித்தார், பிரித்தார். "லேசா அமுங்குறதாத்தான் தேடறேன். உனக்கே ஓட்டப் பிடிக்கலன்னா இப்பவே வித்துடலாம். வலிக்காக மட்டும் விடறதா இருந்தா, வேணாம்... நீ விசில் அடிச்சு எவ்வளவு நாளாச்சு."

இந்த மனிதர் தனக்காகக் கிரீஸ் கடைகளில் பேச்சு வாங்கிக்கொண்டு திரிந்திருக்கிறார் என்பது டிரைவரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. கண் கலங்கியது. அதை மறைக்கத்தான் அந்தக் காகிதத்தை வெடுக்கென்று வாங்கினார். பழைய தட்டு மிஷினுக்குக் கீழேயே கிடந்தது. இழுத்து அதன்மேல் காகிதத்தை வைத்தார். சுற்றிலும், ஒரே சீராக, காகிதம் வெளியே நீட்டியது. விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"ஏங்க, இத எப்படி வெட்டினீங்க?"

"எப்பவும் போலத்தான். வச்சு வரைஞ்சேன், சுத்தி கால் இஞ்ச் விட்டு..." தையற்காரர் அங்கேயே நின்றுவிட்டார்.

"எதுக்கு கால் இஞ்ச்?"

"தையலுக்கு."

"கிளட்ச யாரு தைக்கப் போறா?"

டிரைவரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. தனக்கு இவர் தைத்த ஒவ்வொரு உடுப்பிலும் உள்ளே கொஞ்சம் துணி விட்டிருப்பார். உடம்பு பெருத்தபோதெல்லாம், ஒரு வார்த்தை சொல்லாமல், தையலைப் பிரித்துத் தளர்த்திக் கொடுத்திருக்கிறார். சிரிப்போடு சேர்ந்து அழுகையும் வந்தது.

தையற்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னிக்கு ஒரு கடையில செட்டாவே இருந்துச்சு. சின்னதுன்னு என் கையாலயே திருப்பிக் குடுத்துட்டேன். இந்நேரம் வேற யாராவது வாங்கிட்டுப் போயிருந்தா?"

"போயிருந்தா வேற கடை. நாளைக்கு நானும் வரேன். உங்கள நம்பி அனுப்ப முடியாது."

சொல்லிக்கொண்டே மிஷின் மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தார். துணி வெட்டும் கத்தரிக்கோல். காகிதம் பட்டால் கூர் மழுங்கிவிடும் என்று உடன்பிறந்த அக்காவுக்குக்கூடத் தையற்காரர் அதைக் கொடுத்தது கிடையாது. வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

டிரைவரம்மா இடது காலை மறுபடி முக்காலிமேல் நீட்டி, தட்டின் விளிம்பையொட்டித் தையற்காரர் முதலில் வரைந்திருந்த கோட்டின்மேல் மெதுவாக வெட்டினார். பழுப்பு வளையம் சுருண்டு சுருண்டு முழங்கால்மேல் விழுந்தது. கண் கோட்டிலேயே இருந்தது, கடைசித் திருப்பத்தில் இருப்பதுபோல. உதடு குவிந்திருந்தது. சத்தம் இன்னும் வரவில்லை.